குட்டி கம்பைலர் எழுதிக் கற்பது: பிஎல்/0 தொடர்பாக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி கம்பைலர் என்றால் எவ்வளவு குட்டி?

கம்பைலர் என்பது ஒரு மொழியில் எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றும் நிரல். ஒரே நாளில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உட்கார்ந்து படித்துவிடக்கூடியது குட்டி கம்பைலர். நிக்லாஸ் விர்த் 1976இல் பாடநூலுக்காக வடிவமைத்த பிஎல்/0 என்ற நிரல்மொழியின் கம்பைலர் இதற்கு நல்ல உதாரணம். அந்த மொழியில் மொத்தம் 11 ஒதுக்கப்பட்ட சொற்கள்: பிகின், கால், கான்ஸ்ட், டூ, எண்ட், இஃப், ஆட் (ஒற்றைப்படை எண்ணா என்று சோதிப்பது), புரொசீஜர், தென், வார், வைல். முழு எண்ணைத் தவிர வேறு தரவு வகை கிடையாது. அரே இல்லை, ஸ்ட்ரிங் இல்லை, எல்ஸ் இல்லை, புரொசீஜருக்கு ஆர்க்யுமென்ட் கூட இல்லை. ஆனால் புரொசீஜருக்குள் புரொசீஜர் வைக்கலாம், அது தன்னைத்தானே அழைக்கலாம். பிஎல்/0 பொம்மையாக நின்றுவிடாமல் காப்பாற்றுவது இந்த ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்து முடித்தவருக்கு ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவக அடுக்கு) எப்படி வேலை செய்கிறது என்று வேறு யாரும் விளக்க வேண்டியிராது.

இத்தனை பழையதை ஏன் எடுக்க வேண்டும்? வேறு எதுவும் இல்லையா?

நிறைய இருக்கின்றன, எதைக் கற்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சி மொழிதான் வேண்டும் என்றால், ரூயி உயேயாமா எழுதிய சிபிசிசி நல்லது. ஒவ்வொரு கமிட்டிலும் (சேமித்து வைத்த மாற்றத்திலும்) ஒரு வசதி கூடும்படி அடுக்கப்பட்டிருப்பதால் முதல் கமிட்டிலிருந்து வரிசையாகப் படிக்கலாம். நான்கே ஃபங்ஷன்களில், சுமார் 500 வரியில் எழுதப்பட்ட சி4 இன்னொன்று. படிக்கச் சுவாரசியமானது, ஆனால் நெரிசலான நிரல். முதல் கம்பைலராக அதைப் பார்த்து எழுத உட்கார்ந்தால் கண்ணைக் கட்டும். ஜாக் கிரென்ஷா 1988இல் தொடங்கிய தொடர் டர்போ பாஸ்கலில் எழுதி 68000 சில்லுக்கு அசெம்பிளி தருவது. சில்லு பழசு, விளக்கம் இன்றும் தெளிவு. ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ், டைப் சரிபார்ப்பு எல்லாம் வேண்டுமென்றால் அலெக்ஸ் ஐக்கன் வகுப்பறைக்கென உருவாக்கிய கூல் மொழி. அதை ஒரு முழு செமஸ்டர் வேலையாக நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிஎல்/0வைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளிது: லெக்ஸர் (நிரலை டோக்கன்களாக, அதாவது சொற்களும் குறிகளுமாகப் பிரிப்பது), பார்சர் (அவை இலக்கணப்படி அமைகின்றனவா என்று பார்ப்பது), குறியீட்டு அட்டவணை (பெயர்களின் பட்டியல்), கோட் ஜெனரேஷன் (கட்டளைகளை எழுதுவது), அதை ஓட்டும் இயந்திரம் என்று ஐந்தும் சேர்ந்து சில வாரங்களில் கைக்குள் வந்துவிடும். கம்பைலர் எழுத ஆரம்பிக்கும் பலர் பார்சரிலேயே மாதக்கணக்கில் அலங்காரம் செய்துவிட்டு, ஒரு கூட்டல் கணக்கைக்கூட ஓட்டிப் பார்க்காமல் நின்றுபோகிறார்கள். முதல் நாளே "1 + 2" என்பது மூல நிரலிலிருந்து விடைவரை முழுவதும் ஓட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வசதியாக நுழைக்கலாம்.

எந்த மொழியில் எழுதுவது?

உங்களுக்குத் தூக்கத்திலும் வரும் மொழியில். பைதான் போதும், சி போதும், ஜாவாவும் போதும். கம்பைலரையும் ரஸ்ட் போன்ற ஒரு புது மொழியையும் ஒரே நேரத்தில் கற்கப் போனால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிடும்.

கல்லூரி லேபில் லெக்ஸ், யாக் (லெக்ஸரையும் பார்சரையும் தானாக உருவாக்கித் தரும் கருவிகள்) கேட்கிறார்கள். அவற்றைக் கொண்டு செய்யக் கூடாதா?

மதிப்பெண்ணுக்கு அதைச் செய்யுங்கள். புரிவதற்கு ஒருமுறை கையால் எழுதுங்கள். யாக் தரும் "ஷிஃப்ட்/ரெட்யூஸ் முரண்" என்ற எச்சரிக்கை, பார்சர் எப்படி முடிவெடுக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் பொருள்படும். பிஎல்/0வின் இலக்கணத்துக்கு ரிகர்சிவ் டிசென்ட் முறை கச்சிதம். ஒவ்வோர் இலக்கண விதிக்கும் ஒரு ஃபங்ஷன், அடுத்த ஒரு டோக்கனைப் பார்த்தே எந்த வழியில் போவது என்று முடிவு. தனிக் கருவி தேவையே இல்லை.

லெக்ஸரில் என்ன தவறு நடக்கும்?

பெரும்பாலும் இரண்டெழுத்துக் குறிகளில். := வரும்போது : மட்டும் படித்துவிட்டு நின்றால் அடுத்து வரும் = தனி டோக்கனாகி, "ஒப்பீடு எங்கிருந்து வந்தது" என்று பார்சர் குழம்பும். < வந்தால் அடுத்த எழுத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அது <= ஆ இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். பிஎல்/0வில் "சமமில்லை" என்பதற்கு # குறி. அது ஒற்றை எழுத்து, தொல்லை இல்லை.

அடுத்தது கோப்பின் முடிவு. கடைசி வரியில் என்டர் தட்டாமல் சேமித்த கோப்பில் கடைசி டோக்கன் காணாமல் போகும், அல்லது லெக்ஸர் முடிவில்லாமல் சுற்றும். "கோப்பு முடிந்தது" என்பதையும் ஒரு டோக்கனாகவே அனுப்பினால் இரண்டும் தீரும். ஒவ்வொரு டோக்கனிலும் வரி எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் இப்போதே ஒட்டிவிடுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் பத்து இடத்தில் கைவைக்க வேண்டிவரும்.

விர்த்தின் மூல நிரலை அப்படியே ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் எண்ணின் உச்சவரம்பு 2047. நிரலில் 2048 என்று எழுதினால் பிழை 30 வந்து, அந்த எண் 0 ஆகிவிடும். உங்கள் பார்சர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

மாறிப் பெயர்களைத் தமிழில் வைக்க முடியுமா?

முடியும். எழில் என்ற தமிழ் நிரல்மொழி பைதானில் எழுதப்பட்டு வெளிவந்தே இருக்கிறது. ஆனால் எழுத்தா இல்லையா என்று சோதிக்கும் இடத்தில் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். யூனிகோடில் "க" என்பது எழுத்து வகை. அதன் மேல் வரும் புள்ளியும், ி, ீ போன்ற துணைக்குறிகளும் எழுத்து வகை அல்ல, ஒட்டுக்குறி வகை. ஆகவே பைதானின் "இஸ்ஆல்ஃபா" சோதனைக்கு "கி" என்பதைக் கொடுத்தால் இல்லை என்று பதில் வரும். "விலை" என்ற மாறியை உங்கள் லெக்ஸர் "வ" என்பதோடு வெட்டிவிடும். அதற்குப் பதில் "இஸ்ஐடென்டிஃபையர்" சோதனையைப் பயன்படுத்துங்கள். இதுவரை சேர்த்த சொல்லோடு அடுத்த குறியையும் ஒட்டிவைத்து, முழுச் சொல்லையும் சோதிக்க வேண்டும். ி என்பதைத் தனியாகக் கொடுத்தால் அதுவும் மறுக்கும், ஏனென்றால் பெயர் எதுவும் துணைக்குறியில் தொடங்க முடியாது.

சியில் எழுதினால் சிக்கல் வேறு: யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், "கி" என்றால் 6. 10 எழுத்து (சியில் 10 பைட்) என்று பெயர் நீளத்தை வரையறுத்திருந்தால் நான்காவது குறியின் நடுவிலேயே வெட்டு விழும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத பிழை. "கொ" என்பதை ஒற்றைத் துணைக்குறியாகவும் (ொ) சேமிக்கலாம், ெ, ா என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் இராது. குறியீட்டு அட்டவணையில் இரண்டு வெவ்வேறு மாறிகள். பெயரை அட்டவணையில் போடும் முன் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) இயல்பாக்கினால் இது சரியாகும். ஆனால் "ஔ" தட்ட வேண்டிய இடத்தில் "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தைத் தட்டியவரை என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது. அங்கே ள என்பது உண்மையிலேயே ள தான்.

8 - 3 - 2 கொடுத்தால் 7 வருகிறது. ஏன்?

வலமிருந்து சேர்க்கிறீர்கள். 3 - 2 முதலில் நடந்து 1 ஆகி, 8 - 1 ஆகிவிட்டது. இடது ரிகர்ஷனை (விதி முதல் வேலையாகத் தன்னையே அழைத்து முடிவில்லாமல் சுற்றுவதை) தவிர்ப்பதற்காக விதியை "டெர்ம், பிறகு கழித்தல் குறி, பிறகு எக்ஸ்பிரஷன்" (எக்ஸ்பிரஷன் என்பது முழுக் கணக்கு, டெர்ம் என்பது அதில் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடையே வரும் பகுதி) என்று திருப்பி எழுதியதன் விளைவு இது. கூட்டலில் பிழை தெரியாது, கழித்தலிலும் வகுத்தலிலும்தான் பல்லிளிக்கும். ரிகர்ஷனுக்குப் பதில் லூப் போடுங்கள்: ஒரு டெர்மைப் படி, கூட்டலோ கழித்தலோ வந்துகொண்டிருக்கும்வரை, அடுத்த டெர்மைப் படித்து உடனே அந்தச் செயலுக்கான கட்டளையை எழுது. பெருக்கல், வகுத்தலுக்கு இதே வடிவில் ஒரு படி கீழே இன்னொரு லூப். முன்னுரிமை தானாகவே அமைந்துவிடும்.

"இஃப் (அ < 5) தென்" என்று எழுதினால் பிழை என்கிறது. சியில் ஓடுகிறதே?

பிஎல்/0வில் நிபந்தனை என்பது எக்ஸ்பிரஷன் வகை அல்ல. இரண்டு எக்ஸ்பிரஷன்களுக்கு நடுவே ஓர் ஒப்பீட்டுக் குறி, அல்லது ஆட் என்ற சொல்லுக்குப் பின் ஓர் எக்ஸ்பிரஷன், அவ்வளவுதான். அடைப்புக்குறியைக் கண்டதும் பார்சர் எண் கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது; "அ" முடிந்ததும் மூடும் குறியை எதிர்பார்க்கும், வருவதோ < குறி. அடைப்பை எடுத்துவிட்டால் ஓடும். நிரலின் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்க மறப்பதும் இதே அளவுக்கு அடிக்கடி நடப்பது.

கம்பைலர் கடைசியில் எதை உருவாக்குகிறது? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

பிஎல்/0 ஒரு கற்பனை ஸ்டாக் இயந்திரத்துக்கு எழுதுகிறது. அதற்கு 8 கட்டளைகள் மட்டுமே: லிட் (எண்ணை ஸ்டாக்கில் வை), லோட் (மாறியை ஸ்டாக்குக்குக் கொண்டுவா), ஸ்டோ (ஸ்டாக் உச்சியை மாறியில் போடு), கால் (புரொசீஜரை அழை), இன்ட் (ஸ்டாக்கில் இடம் ஒதுக்கு), ஜேஎம்பி (தாவு), ஜேபிசி (உச்சியில் 0 இருந்தால் தாவு), ஓபிஆர் (கணக்கு, ஒப்பீடு, திரும்புதல்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்: நிலை வித்தியாசம் (அடுத்த கேள்வியில் வருகிறது), முகவரி (லிட்டுக்கு அந்த எண், இன்ட்டுக்கு அறைகளின் எண்ணிக்கை, ஓபிஆருக்குச் செயலின் எண்).

இந்த நிரலை எடுத்துக்கொள்வோம்:

வார் அ;
பிகின்
  அ := 1;
  வைல் அ < 5 டூ அ := அ + அ
எண்ட்.

கம்பைலர் தருவது:

0 ஜேஎம்பி 0 1
1 இன்ட் 0 4
2 லிட் 0 1
3 ஸ்டோ 0 3
4 லோட் 0 3
5 லிட் 0 5
6 ஓபிஆர் 0 10
7 ஜேபிசி 0 13
8 லோட் 0 3
9 லோட் 0 3
10 ஓபிஆர் 0 2
11 ஸ்டோ 0 3
12 ஜேஎம்பி 0 4
13 ஓபிஆர் 0 0

ஓபிஆர் 10 என்பது "<", 2 என்பது கூட்டல், 0 என்பது திரும்புதல். ஒரே ஒரு மாறிதான் இருக்கிறது, ஏன் இன்ட் 4? ஒவ்வொரு ஃபிரேமின் (ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக்கில் ஒதுக்கப்படும் பகுதியின்) முதல் 3 அறைகளும் நிர்வாகத்துக்கு (அடுத்த கேள்வியில் வருகிறது). எனவே "அ" 3ஆம் இடத்தில் உட்காருகிறது. இன்ட் 1 என்று எழுதிவிட்டால், கணக்குக்காக ஸ்டாக்கில் வைக்கும் எண்கள் அந்த நிர்வாக அறைகள் மேலேயே விழுந்து, நிரல் திரும்ப வேண்டிய முகவரியைத் தின்றுவிடும்.

7ஆம் வரியை எழுதும்போது 13 என்ற எண் கம்பைலருக்குத் தெரியாது, உள்ளுடல் இன்னும் வரவில்லை. அதனால் அங்கே 0 போட்டு, "7ஆம் வரி பாக்கி" என்று ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, 12ஐ எழுதி முடித்ததும் திரும்பிப் போய் 13ஐ நிரப்புகிறது. பேக்பேட்சிங் என்பது இவ்வளவுதான். பாக்கியைக் குறிக்கும் மாறி அந்த ஃபங்ஷனின் உள்ளூர் மாறியாக இருக்க வேண்டும். குளோபலாக வைத்தால் லூப்புக்குள் லூப் வந்த கணமே வெளி லூப்பின் பாக்கி அழிந்து, அந்த ஜேபிசி 0ஆம் வரிக்குத் தாவும்.

விர்த்தின் மூல இயந்திரத்தில் ரைட் கட்டளை இல்லை. ஸ்டோ நடக்கும் ஒவ்வொரு முறையும் மதிப்பை அச்சிட்டுக் காட்டும். மேலே உள்ளதை ஓட்டினால் 1, 2, 4, 8 என்று வரும்.

ஸ்டாட்டிக் லிங்க், டைனமிக் லிங்க்: இரண்டு எதற்கு? ஒன்று போதாதா?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, பொறுமையாகப் பார்ப்போம். அந்த 3 அறைகளில் இருப்பவை: ஸ்டாட்டிக் லிங்க், டைனமிக் லிங்க், திரும்பும் முகவரி. டைனமிக் லிங்க் "என்னை அழைத்தது யார்" என்று காட்டும். ஸ்டாட்டிக் லிங்க் "நிரலில் நான் யாருக்குள் எழுதப்பட்டிருக்கிறேன்" என்று காட்டும்.

முதன்மை நிரல் நிலை 0. அதனுள் "வெளி" என்ற புரொசீஜர். அதன் உடல் நிலை 1, அதில் "எண்ணிக்கை" என்ற மாறி. வெளிக்குள் "உள்" என்ற புரொசீஜர். அதன் உடல் நிலை 2. "உள்" எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுத் தன்னையே அழைக்கிறது. "உள்" இருந்து எண்ணிக்கையை எடுக்க நிலை வித்தியாசம் 2 - 1 = 1, அதாவது ஒரு லிங்க் ஏற வேண்டும்.

டைனமிக் லிங்க் மட்டும் இருந்தால், வெளி முதன்முதலில் உள்ளை அழைக்கும்போது எல்லாம் சரியாக நடக்கும். ஒரு படி ஏறினால் வெளியின் ஃபிரேம்தான். உள் தன்னையே அழைத்த பிறகு ஒரு படி ஏறினால் வருவது முந்தைய உள்ளின் ஃபிரேம். அங்கே 3ஆம் இடத்தில் எது கிடக்கிறதோ அதை எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

சரியான வழி: கால் கட்டளைக்கும் நிலை வித்தியாசம் உண்டு. "உள்" என்ற பெயர் அறிவிக்கப்பட்டது நிலை 1இல். வெளியிலிருந்து (நிலை 1) அழைத்தால் வித்தியாசம் 0, ஆகவே ஸ்டாட்டிக் லிங்க் வெளியின் ஃபிரேமே. உள்ளிலிருந்து (நிலை 2) அழைத்தால் வித்தியாசம் 1. ஒரு படி ஏறி, மறுபடி வெளியின் ஃபிரேமே. எத்தனை முறை ரிகர்ஷன் நடந்தாலும் எல்லா உள்களும் ஒரே வெளியைத்தான் காட்டும். உங்கள் கம்பைலருக்கு முதல் ரிகர்ஷன் சோதனையாக இந்த நிரலையே வையுங்கள். ஃபேக்டோரியல் இந்தப் பிழையைப் பிடிக்காமல் போகலாம்.

புரொசீஜருக்கு ஆர்க்யுமென்ட் சேர்ப்பது எப்படி?

அழைப்பதற்கு முன் ஆர்க்யுமென்ட்களை வரிசையாக ஸ்டாக்கில் வைத்துவிட்டு கால் செய்யுங்கள். புதிய ஃபிரேம் அவற்றுக்கு மேலே தொடங்கும், எனவே அவை எதிர்மறை இடங்களில் இருக்கும்: மொத்தம் 3 என்றால் முதலாவது -3, இரண்டாவது -2, மூன்றாவது -1. லோட், ஸ்டோ இரண்டும் மாற்றமின்றி இதற்கு ஒத்துழைக்கும். திரும்பும் இடத்தில்தான் கவனம். ஸ்டாக் உச்சியை ஃபிரேமின் அடிக்கு ஒன்று கீழே இறக்கி, அங்கிருந்து எண்ணித்தான் பழைய முகவரிகளை இயந்திரம் எடுக்கிறது. அவற்றை எடுத்து முடித்த பிறகுதான் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். முதலிலேயே கழித்தால் திரும்பும் முகவரிக்குப் பதில் ஓர் ஆர்க்யுமென்ட்டையோ தவறான லிங்க்கையோ படித்து எங்கோ தாவிவிடும்.

இதற்கு முன் ரைட், எல்ஸ் இரண்டையும் சேர்த்துப் பழகுங்கள், அவை ஒரு மாலை வேலை. அரே இதற்கு அப்புறம்.

பிழை வந்ததும் நிறுத்திவிடலாமா, தொடர்ந்து படிக்க வேண்டுமா?

முதல் பதிப்பில் முதல் பிழையோடு, வரி எண் சொல்லி, நிறுத்திவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து படிக்க விரும்பினால் அடுத்த அரைப்புள்ளி அல்லது எண்ட் வரை டோக்கன்களைத் தாண்டிவிட்டு ஆரம்பிக்கலாம். பிழை சொன்ன பிறகு ஒரு டோக்கனாவது நகர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகராவிட்டால் ஒரே பிழை முடிவில்லாமல் திரையில் ஓடும்.

நிஜ சில்லுக்கு அசெம்பிளி எழுதவைக்கலாமா?

தாராளமாக. லிட் என்பதை ஒரு புஷ்ஷாகவும் (ஸ்டாக்கில் வைப்பது), கூட்டலை இரண்டு பாப் (எடுப்பது), ஓர் ஆட் (கூட்டுவது), ஒரு புஷ்ஷாகவும் மாற்றினாலே ஓடும். வேகம் இராது, சரியாக இருக்கும். எக்ஸ்86-64இல் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். வகுத்தலுக்கு ஐடிவ் கட்டளைக்கு முன் சிக்யூஓ கொடுத்து ஆர்டிஎக்ஸ் ரிஜிஸ்டரை நிரப்பாவிட்டால் தப்பான விடை வரும், அல்லது கணக்குப் பிழை என்று நிரலே செத்துவிழும். மற்றது, சி நூலகத்தின் பிரிண்ட்எஃபை அழைக்கும் தருணத்தில் ஸ்டாக் முகவரி 16ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒவ்வொரு புஷ்ஷும் 8 பைட் என்பதால், ஒற்றைப்படை புஷ்ஷுக்குப் பிறகு அழைத்தால் சிலசமயம் ஓடும், சிலசமயம் செக்மென்டேஷன் ஃபால்ட். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" ரகப் புகாரென்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ஆப்டிமைசேஷன்?

2 * 3 என்பதைக் கம்பைல் நேரத்திலேயே 6 ஆக்குவதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் யாராவது 1 / 0 என்று எழுதினால் உங்கள் கம்பைலரே விழுந்துவிடும். வகுக்கும் எண் 0 என்றால் முன்கூட்டியே கணக்கிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குட்டி நிரல், அருகில் எதிர்பார்க்கும் விடை ஒரு கோப்பில், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட். பிழைபட வேண்டிய நிரல்களுக்கும் இதே ஏற்பாடு. தற்செயலான கணக்குகளை உருவாக்கிப் பைதான் விடையோடு ஒப்பிடுவது நல்ல உத்தி, ஒரு பொறியைத் தவிர: பைதானில் -7 // 2 என்பது -4, சியிலும் பாஸ்கலிலும் -3. அந்த வித்தியாசத்தைப் பிழை என்று துரத்தி இரவைக் கழிக்காதீர்கள்.

இந்தக் கம்பைலரை அதே மொழியில் எழுதி, தன்னைத்தானே கம்பைல் செய்யவைக்க முடியுமா?

பிஎல்/0 இருக்கும் நிலையில் முடியாது. எழுத்துகளைப் படிக்க வழியில்லை, அட்டவணை வைக்க அரே இல்லை. ரான் கெய்ன் 1980 மே மாதம் வெளியிட்ட ஸ்மால்-சி, 8080 சில்லுக்கான சிறிய கம்பைலர்தான்; ஆனால் தன்னையே கம்பைல் செய்யும் அளவுக்கு அதில் வசதிகள் இருந்தன. உங்கள் பிஎல்/0வில் அரே, ஆர்க்யுமென்ட், எழுத்து படிக்கும் கட்டளை மூன்றும் சேர்ந்துவிட்டால் முயலலாம். பைதானில் எழுதிய கம்பைலரால் புதியதைக் கம்பைல் செய்தால் கிடைப்பது முதல் பதிப்பு. முதல் பதிப்பால் அதே மூலத்தைக் கம்பைல் செய்தால் இரண்டாவது. இரண்டாவதால் செய்தால் மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், எங்கோ ஒரு மாறிக்கு ஆரம்ப மதிப்பு தராமல் விட்டிருக்கிறீர்கள் என்று தேடத் தொடங்குங்கள்.